நீலத்தின் கைப்பக்குவம்

பழங்கால எகிப்து ஓவியரின் பெட்டியைத் திறந்து பார்த்தால் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். தூரிகை என்பது ஆற்றங்கரையில் வளரும் கோரைத் தண்டு. நுனியை மென்று நார்நாராக்கினால் மெல்லிய தூரிகை தயார். சுவரில் பட்டையாகத் தீட்ட, கற்றையாகக் கட்டிய ஈச்ச நார். கூடவே குழி வெட்டிய மரப்பலகை, அரைக்க ஒரு கல், ஒரு தண்ணீர்க் கிண்ணம்.

வண்ணங்களும் பெரும்பாலும் மண்ணிலிருந்து எடுத்தவைதான். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் காவி மண். வெள்ளைக்குச் சுண்ணாம்பு அல்லது ஜிப்சம். கறுப்புக்குக் கரி. பச்சைக்கு மலாக்கைட் என்ற செம்புத் தாது. இவற்றை அரைத்து, வேலம்பிசின் கரைத்த நீரில் குழைத்தால் சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

நீலத்துக்குத்தான் சிக்கல். லாபிஸ் லசூலி என்ற நீலக்கல் ஆப்கானிஸ்தானிலிருந்து வர வேண்டும், விலையோ அதிகம். அதனால் நீலத்தை அவர்கள் சூளையில் சமைத்தார்கள்! மணல், சுண்ணாம்பு, செம்பு, கொஞ்சம் நேட்ரான் உப்பு. சுமார் 900 டிகிரி செல்சியஸ் சூட்டில் மணிக்கணக்காக வேகவைத்து, ஆறியதும் அரைத்தார்கள். ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதன் உருவாக்கிய செயற்கை வண்ணம் இது. அரசி நெஃபெர்டிட்டியின் புகழ்பெற்ற மார்பளவுச் சிலையில், கிரீடத்தில் இன்றும் பளிச்சிடுவது இந்த நீலம்தான்.

இதன் செய்முறையை ரோமானியக் கட்டடக் கலைஞர் வித்ருவியஸ், கி.மு. முதல் நூற்றாண்டில் எழுதிவைத்தார். மணல், செம்பு, நேட்ரான் எல்லாம் அதில் இருக்கின்றன. சுண்ணாம்பை மட்டும் காணோம்! அது மணலிலேயே கலந்திருந்ததால், தனியாகச் சொல்ல அவருக்குத் தோன்றாமல் போயிருக்கலாம். ரோமப் பேரரசு சரிந்த பிறகு, செய்யத் தெரிந்த கைகள் குறைந்தன. மெல்ல மெல்லப் பக்குவமே மறந்துபோனது. 1815-ல் இங்கிலாந்து விஞ்ஞானி ஹம்ப்ரி டேவி, ரோமிலும் பொம்பேயிலும் கிடைத்த பழைய வண்ணங்களைச் சோதித்தார். அவருக்குப் பின் வந்தவர்களும் ஆராய்ந்த பிறகே இந்த நீலத்தின் ரகசியம் முழுதாகப் பிடிபட்டது.

நம் வீட்டிலும் இப்படித்தானே? பாட்டியிடம் வத்தக்குழம்புக்குச் செய்முறை கேட்டால் எல்லாம் சொல்வார். தினமும் கை தானாகப் போடும் ஒன்றை மட்டும் சொல்ல மறந்துவிடுவார். அதனால் கேட்டு எழுதினால் போதாது. ஒருநாள் பக்கத்தில் நின்று, அவர் கையைப் பார்த்து எழுதுங்கள்.