காதிலக்கமும் கையொப்பமும்

வெளிநாடுகளில் பூனைக்கும் நாய்க்கும் காப்புறுதி எடுக்கிறார்கள் என்று ஆசிரியை சொன்னபோது வகுப்பே சிரித்தது. மன்னார் பட்டினத்துக் கழுதைகளுக்கு யார் கட்டுப்பணம் கட்டுவது என்று ஒருத்தி கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டு மாட்டுக்குக் காப்புறுதி இருந்தது.

வாப்பா கடன்பட்டு வாங்கிய பால்மாடு அது. கடன் தந்த இடத்திலேயே காப்புறுதியும் எடுக்கச் சொன்னார்கள். பத்திரம் முழுக்க ஆங்கிலம். காட்டிய இடத்தில் வாப்பா கையொப்பமிட்டார். 2022 டிசம்பர் குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆடுமாடுகள் இறந்தனவே, எங்கள் மாடும் அப்போதுதான் போனது. அதன் காதில் குத்தியிருந்த இலக்கத்தகடு சில மாதங்களுக்கு முன் முட்கம்பியில் சிக்கி அறுந்திருந்தது. காதிலக்கம் இல்லாததால் இழப்பீடு இல்லை என்று கடிதம் வந்தது. அதுவும் ஆங்கிலத்தில்தான். வாப்பாவுக்கு அதை வாசித்துச் சொன்னவள் நான். மாடு போன பிறகும் கடன் தவணை நிற்கவில்லை.

இலக்கம் கேட்பது பிழை என்று சொல்லமாட்டேன். இல்லாவிட்டால் எந்த மாட்டைக் காட்டியும் பணம் கேட்கலாமே! ஆனால் தகடு விழுந்தால் உடனே அறிவித்து, புதிய தகடு குத்திக்கொள்ள வேண்டும் என்று வாப்பாவிடம் ஒருவரும் சொல்லவில்லை. தமிழ் இந்நாட்டின் அரசகரும மொழிகளுள் ஒன்று. கட்டுப்பணத்தைத் தமிழில் பேசி வாங்குகிறவர்கள் நிபந்தனைகளையும் தமிழில் எழுதித் தர வேண்டும். தராத நிபந்தனையைக் காட்டி இழப்பீட்டை மறுக்கச் சட்டம் இடம் கொடுக்கக் கூடாது. இதுதான் என் கோரிக்கை.

முறையிட வழி இல்லாமலில்லை. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு இருக்கிறது. காப்புறுதி ஒம்புட்ஸ்மனும் இருக்கிறார். முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் முறையிட்டு, அந்தப் பிரதியைக் கையில் வைத்திருக்க வேண்டும். எங்களுக்கு இதெல்லாம் தெரியவந்தபோது வாப்பா சலித்துப்போயிருந்தார். "விடு மகள், அல்லாஹ் வேறு வழி காட்டுவான்" என்றார். கடிதத்தை நான் கிழிக்க விடவில்லை.

போன கிழமை பக்கத்து வீட்டு மாமி ஆடுகளுக்குக் காப்புறுதி எடுக்கப் போனபோது நானும் கூடப் போனேன். கடைசிப் பக்கம்வரை வாசித்துச் சொல்லி முடிக்கும்வரை பேனாவை அவர் கையில் கொடுக்கவில்லை.