ஐலீன் பாடிய ஒப்பாரி

அயர்லாந்துக் கவிதை என்றதும் நம்மவருட் பெரும்பாலார் யேற்ஸ் என்னும் ஒருவரையே நினைப்பர். அந்திப் பொழுது, மூடுபனி, வனதேவதைகள் என்றிவற்றைக் கொண்டே அந்நாட்டுக் கவிதையை அளந்துவிடுவாரும் உளர். யேற்ஸ் பெருங்கவிஞர்; அதில் ஐயமில்லை. ஆயினும் அவர் பாடியது ஆங்கிலத்தில். அவர் பிறப்பதற்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்னர் ஐரிய மொழியிலே எழுந்த கவிதையொன்றைப் பற்றியே யான் எழுத விழைகின்றேன். அதனை யானும் ஆங்கில மொழிபெயர்ப்பின் வாயிலாகவே அறிந்தேன் என்பதை ஒளிப்பதற்கில்லை.

பழைய அயர்லாந்திலே புலவர்க்கெனக் கல்லூரிகள் இருந்தன. மாணாக்கர் இருளறையிற் படுத்தபடியே செய்யுளை உள்ளத்தில் யாத்து, விளக்கு வந்த பின்னரே எழுதினர். மெய்யெழுத்துக்களை இனம் இனமாக வகுத்து, ஓரினத்து எழுத்துக்களே தம்முள் இயையலாம் என்றும் விதித்திருந்தனர். இனவெதுகையை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிக் காட்டும் எனக்கு இச்செய்தி தந்த மகிழ்ச்சி கொஞ்சமன்று! கின்சேல் போரிலே 1601இல் ஐரியர் தோற்றனர்; 1607இல் வடபுலத் தலைவர்கள் கடல் கடந்தனர். புரவலர் மறைய, அக்கல்லூரிகளும் அந்நூற்றாண்டிலேயே மறைந்தன.

நான் கூறவந்த கவிதை அக்கல்லூரிகளிற் பிறந்ததன்று. அதனைப் பாடியவள் ஐலீன் ஓகொனல் என்னும் ஒரு பெண். விடுதலைத் தலைவர் டானியேல் ஓகொனலுக்கு அத்தைமுறையினள். பெற்றோர் விருப்பத்துக்கு மாறாக ஆட் ஓலியரி என்னும் வீரனை மணந்தாள். அவன் ஒஸ்திரியப் படையிலே பணிபுரிந்து மீண்டவன், செருக்குடையவன். கத்தோலிக்கர் 5 பவுணுக்கு மேற்பட்ட விலையுள்ள குதிரையை வைத்திருத்தலாகாது என்பது அக்காலச் சட்டம். ஆட்டின் குதிரையை அந்த 5 பவுணுக்கே தரும்படி மொறிஸ் என்னும் நீதவான் கேட்டான் என்றும், அவன் மறுக்கவே பகை மூண்டது என்றும் கூறுவர். 1773ஆம் ஆண்டு மே மாதம் 4ஆந் திகதி கோர்க் பகுதியிலே படைவீரர் ஆட்டைச் சுட்டுக் கொன்றனர். அவனுக்கு வயது 26.

குருதி தோய்ந்த சேணத்தோடு குதிரை மாத்திரம் வீடு வந்தது. ஐலீன் அதன்மீது தாவியேறி விரைந்தாள். புதரோரத்திற் கிடந்த கணவனுக்கு யாரோ ஒரு கிழவி தன் போர்வையை இட்டிருந்தாள். இவற்றையெல்லாம் ஐலீன் தன் வாயாலேயே சொல்கின்றாள். சந்தையிலே அவனை முதன்முதற் கண்டது, அவன் வீட்டில் அவளுக்கென அறைகள் ஒழுங்கு செய்யப்பட்டது, அடுப்பிலேறிய இறைச்சி என அவள் எண்ணும் பொருள்கள் யாவும் கையாலே தொடத்தக்கவை. மூடுபனிக்கு அங்கு இடமேயில்லை.

என்னை வியப்பில் ஆழ்த்திய பகுதி வேறு. ஆட்டின் தங்கை வருகின்றாள். பிணம் வீட்டிற் கிடக்க நீ படுக்கைக்குப் போனாயே என்று பாட்டிலேயே பழிக்கின்றாள். குழந்தைகளை உறங்க வைக்கவே போனேன் என்று ஐலீன் பாட்டிலேயே விடையிறுக்கின்றாள். கையறுநிலைச் செய்யுளுட் குடும்பப் பூசலா? மாணவன் ஒருவன் இவ்வாறு எழுதித் தந்திருப்பின் யான் சிவப்பு மையால் அடித்திருப்பேன். ஆனால் அப்பூசலை நீக்கிப் பாருங்கள். அந்த வீடே கவிதையினின்று மறைந்துவிடும். அப்புலவர் கல்லூரிகளின் செய்யுட்களை யான் மதிக்கின்றேன். எனினும் அவற்றுள் யான் படித்த எதுவும் இப்பாடலுக்கு ஈடாகத் தோன்றவில்லை. யாப்பாசிரியன் ஒருவன் இதைச் சொல்வது சிலருக்குப் பிடியாது; இருக்கட்டும்.

இழவு வீட்டில் ஒப்பாரி வைத்தலைத் திருச்சபையினர் பலமுறை கண்டித்தனர். இருந்தும் பெண்கள் விட்டாரில்லை. ஐலீனின் பாடலும் வாய்வழியே உலவிப் பின்னர், ஒப்பாரி சொல்வதில் வல்லவளான நோரா என்னும் கிராமத்துப் பெண்ணிடமிருந்தே எழுதிக்கொள்ளப்பட்டது. இன்று ஐரிய இலக்கியம் கற்போர் எவரும் அதனைத் தவிர்க்க முடியாது.

என் தந்தையார் இறந்த அன்று பெரியம்மா தலைமாட்டில் இருந்து ஒப்பாரி சொன்னார். தம்பியார் வெட்டிய கிணற்றையும், வைத்த பனங்கன்றுகளையும், அவர் நாற்பது ஆண்டுகளாகப் பேசாதிருந்த அயலவரையும் பெயர் பெயராகச் சொல்லி அழுதார். கல்லூரியிலிருந்து ஆசிரியர்கள் வந்து முற்றத்திலே நின்றனர். யான் உள்ளே சென்று, "பெரியம்மா, கொஞ்சம் அமத்தி அழுங்கோ" என்றேன். அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பின்னர் வாய் திறக்கவில்லை. அன்று அவர் சொன்னவற்றுள் ஓரடியேனும் இன்று எனக்கு முழுதாக நினைவில் இல்லை.