குதிரையின் தினவுக்கு எண்ணெய்

மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கிலும் வாழும் எம்மவர்க்கு மாடும் எருமையும் வீட்டுறவு போன்றவை. குதிரையோ அரிய விருந்தாளி. வேட்டைத் திருவிழாவன்று சுவாமியைச் சுமந்துவரும் மரக்குதிரையையே நம்மிற் பலர் அருகில் நின்று கண்டிருக்கின்றோம். அந்த வாகனத்துக்குத் தினவு என்பதொன்றில்லை. உயிருள்ள குதிரைக்கு அது உண்டென்பதையும், அதனால் ஒரு குடும்பமே உறக்கமிழக்கக் கூடுமென்பதையும் படுவான்கரை நேயர் ஒருவரின் கடிதம் எமக்கு உணர்த்துகின்றது.

பிள்ளைகளின் விருப்பத்துக்காக மட்டக்குதிரையொன்றை வாங்கினார் அவர். மாரி மழை ஓய்ந்ததும் அது பிடரியையும் வாலடியையும் வேலிக் கம்பத்திலும் தென்னையிலும் ஓயாது உராயத் தொடங்கிற்று. மயிர் உதிர்ந்தது, தோல் தடித்தது, இப்பொழுது குருதியுங் கசிகின்றது. அயலவர் ஒருவர் வேப்பெண்ணெய் பூசச் சொல்கின்றார். இன்னொருவர் தேங்காயெண்ணெய் என்கின்றார். மூன்றாமவர் கராச்சில் கழித்த எஞ்சின் ஒயிலே கைகண்ட மருந்தென்கின்றார். பட்டி வைத்திருக்கும் பெரியவரோ மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தைத் தருவதற்கு ஆயத்தமாயிருக்கின்றார். "எதனைப் பூசுவது?" என்பது நேயரின் வினா. முதலிரண்டும் அளவறிந்து பூசினால் நன்மை செய்யும். பின்னிரண்டும் பெருந்தீங்கு விளைக்கும். அதனை விளக்குமுன் தினவின் காரணத்தைப் பார்ப்போம்.

வாயில்லாப் பிராணி தன் நோயை உடலாற் கூறும். பிடரி, வாலடி, வயிற்றின் நடுக்கோடு ஆகிய இடங்களைக் குதிரை தேய்க்குமாயின், முதலில் ஐயுற வேண்டியது நுளம்பினும் மிகச் சிறிய ஒரு கடிபூச்சியை. ஒன்று முதல் மூன்று மில்லிமீற்றர் நீளமேயுள்ள இதனை விலங்கியலார் கியூலிக்கோயிடெஸ் என்பர். இது கடிக்கும்போது தோலினுட் செல்லும் உமிழ்நீரைச் சில குதிரைகளின் உடல் பொறுப்பதில்லை. அந்த ஒவ்வாமையே தீராத தினவாகின்றது. ஒரே கொட்டிலில் நிற்கும் இரு குதிரைகளுள் ஒன்று வருந்த, மற்றது வாளா நிற்பதும் இதனாலேயே. ஐசுலாந்துத் தீவிற் பிறந்து வளருங் குதிரைகள் தம் நாட்டில் இத்தினவை அறியா. அவற்றை ஐரோப்பியப் பெருநிலத்துக்குக் கொண்டுசென்றபின், பழக்கமில்லாத இப்பூச்சிக்கடியாற் பல துன்புறுகின்றன.

எமது வாவியோ ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் கரைச்சேறு, நீர் தேங்கிய வயல், ஈரமான சாணக்குவியல் யாவும் இத்தகைய பூச்சிகள் பெருகுதற்கு ஏற்ற இடங்கள். மாரியின் பின் தொல்லை மிகுவதில் வியப்பில்லை. வைகறையிலும் அந்தியிலுமே இவை மிகுதியாக மொய்க்கும்.

இதற்கு இயற்கை கற்பித்த வைத்தியத்தை நாம் நாளுங் காண்கின்றோம். எருமை சேற்றில் ஏன் புரளுகின்றது? வெம்மை தணிதற்கு மாத்திரமன்று; உலர்ந்த சேறு அதன் உடலுக்குக் கவசமாகிப் பூச்சியின் வாயைத் தடுக்கின்றது. குதிரையின் தோலிற் பூசும் எண்ணெயும் அவ்வாறு ஒரு மெல்லிய கவசமே. சிறு பூச்சி அதில் அமர்ந்து கடிக்க இடர்ப்படும். அன்றியும், உராய்ந்து உலர்ந்து வெடித்த தோலை எண்ணெய் மிருதுவாக்கும். தினவு சற்றுத் தணியும். ஆயினும் உடலினுள்ளே எழும் ஒவ்வாமையை எண்ணெய் மாற்றமாட்டாது. எண்ணெய் ஆற்றும், காக்கும், நோயின் வேரைக் களையாது. இதனை மறவாதிருப்போர்க்கு ஏமாற்றமில்லை.

எண்ணெய் மரங்களுக்கு எம் நாட்டிற் குறைவில்லை. இலுப்படிச்சேனை, புன்னைக்குடா, வேப்பவெட்டுவான் என ஊர்களே அவற்றின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. இவற்றுள் வேம்பின் விதையிலிருந்து பெறும் எண்ணெய் பூச்சிகளுக்குப் பகை. அதிலுள்ள அசாடிரக்டின் என்னும் பொருள் பூச்சிகளின் வளர்ச்சியைக் கெடுக்க வல்லது. எனினும் கலப்பற்ற வேப்பெண்ணெய் குதிரையின் தோலுக்குக் கடுமையானது; எரிச்சலை மூட்டித் தினவைப் பெருக்கவும் கூடும். ஆதலின் பத்துப் பங்கு தேங்காயெண்ணெயில் ஒரு பங்கு வேப்பெண்ணெயைக் கலந்து, முதலில் உள்ளங்கையளவான இடத்திற் பூசி ஒருநாள் பொறுத்துப் பார்த்தல் வேண்டும். தோல் சிவந்து தடிக்காவிடின் ஏனைய இடங்களிற் பூசலாம். சினைக்குதிரைக்கு மிருகவைத்தியரைக் கேளாது வேப்பெண்ணெய் பூசலாகாது.

தேங்காயெண்ணெயைப் பற்றியும் ஒரு செய்தி. ஐக்கிய அமெரிக்க விவசாயத் திணைக்களத்து ஆராய்ச்சியாளர்கள் 2018 இல் வெளியிட்ட ஆய்வில், தேங்காயெண்ணெயிலிருந்து பிரித்தெடுத்த கொழுப்பமிலங்கள் குருதியுண்ணும் ஈக்களையும் நுளம்புகளையும் நன்கு விரட்டுவதாகக் கண்டனர். மாப்பொருளோடு கலந்து மாடுகளுக்குத் தெளித்தபோது நான்கு நாள் வரை ஈக்கள் விலகி நின்றன. ஆயினும் தேங்காயெண்ணெய் அப்படியே அவ்வாறு விரட்டுவதில்லை என்பதையும் அவர்களே கூறினர். ஆகவே எம் அடுக்களைப் போத்தலிலுள்ள எண்ணெயிடம் தோலை ஆற்றும் பணியை எதிர்பார்க்கலாம். ஆய்வுகூடத்து வெற்றியை எதிர்பார்க்கலாகாது.

பூசும் முறையும் உண்டு. தோலை நீராற் கழுவி, நன்கு உலரவிட்டு, மாலையில் பூச்சி எழுமுன்னர் மெல்லெனப் பூசுக. உச்சி வெயிலிற் பூசற்க. எண்ணெய் வெப்பத்தை ஏற்றும், புழுதியையும் ஒட்டும். குதிரை வியர்த்தே தன் உடலைக் குளிர்விக்கும் பிராணியாதலின் உடல் முழுவதும் எண்ணெயால் மெழுகிவிடுவதும் தகாது. நீர் வடியும் புண்மீதும், சேணம் அமரும் முதுகின்மீதும் வேண்டா. சில நாளுக்கொருமுறை பழைய எண்ணெயைக் கழுவி அகற்றுதல் நன்று.

இனி, விலக்க வேண்டியவை. கழித்த எஞ்சின் ஒயிலில் உலோகத் துகள்களும் நச்சுப் பொருள்களும் உள. அது தோலைப் புண்படுத்தும். குதிரை அவ்விடத்தை நக்கினால் வயிற்றினுட் சென்று நஞ்சாகும். மாட்டுண்ணிக்கு வழங்கும் அமித்ராஸ் என்னும் மருந்து இன்னும் கொடியது. மாடு அதனைத் தாங்கும். குதிரைக்கோ குடல் அசைவு தடைப்பட்டு, உயிருக்கே ஆபத்து நேரலாம். பட்டிக்காரப் பெரியவரின் அன்பை மதிப்போம். அவரது மருந்தை மட்டும் மாட்டோடு நிறுத்துவோம்.

எண்ணெயினும் பெரிய மருந்துகள் பணச்செலவின்றிக் கிடைப்பவை. அந்திக்கு முன்னரே குதிரையைக் கொட்டிலிற் சேர்க்க; சாணத்தை நாள்தோறும் அகற்றுக; தேங்கிய நீரை வடிய விடுக. இப்பூச்சி காற்றை எதிர்த்துப் பறக்க வலியற்றது. கொட்டிலில் ஒரு மின்விசிறி சுழன்றாலே பெரும் பயனுண்டு. சாதாரண நுளம்பு வலையின் கண்ணூடே அது நுழைந்துவிடுமாதலின் வலை கட்டுவோர் நெருங்கிய நெசவையே தேர்க.

எல்லாத் தினவும் பூச்சிக்கடியாலன்று. வட்டவட்டமாக மயிர் உதிர்ந்தாற் படர்தாமரையாயிருக்கலாம். அது குதிரையிலிருந்து பிள்ளைகளுக்கும் தொற்றும். பொருக்குப் படிந்து பரவினாற் சொறிப்பூச்சியாயிருக்கலாம். இவற்றை எண்ணெயால் மூடி மறைத்து நாள் கடத்துவது நோயை வளர்ப்பதாகும். குருதி கசியும் நிலையிலுள்ள நேயரின் குதிரையை மிருகவைத்தியர் ஒருமுறை பார்த்தேயாகவேண்டும். எண்ணெய் அதன் பின்னரே.

வாவியின் தென்பால் உள்ள பாண்டிருப்பிலே திரௌபதையம்மன் சந்நிதியிற் பாரதக் கதை ஆண்டுதோறும் விழாவாக நிகழ்கின்றது. அக்கதையில் விராடன் மனையிலே கிரந்திகன் என்னும் பெயரோடு குதிரைகளைப் பேணியவன் நகுலன். அவன் பெயரால் வழங்கும் அசுவசாத்திரத்தைத் தஞ்சைச் சரசுவதி மகால் நூல்நிலையம் 1952 இல் வண்ணப் படங்களோடு பதிப்பித்தது. கொட்டிற்பணியை இழிவென எண்ணாத அரசகுமாரனை எம்மவர் ஆண்டுதோறும் நினைவு கூர்கின்றனர். அவனை நினைப்போர், தம் கொட்டிலில் நிற்கும் பிராணியை நாள்தோறும் ஒருமுறை தலைமுதல் வால்வரை கையால் தடவிப் பார்ப்பாராக. தொடக்கத்திலே கண்ட தினவுக்குச் சிறிது எண்ணெய் போதும். காணாது விட்ட தினவுக்குக் குடம் எண்ணெயும் போதாது.