அமர்வுக்கு அமர்வு மாறும் இலக்கணம்

தரவுத்தள மென்பொருளில் ஒவ்வொரு தேவைக்கும் ஓர் இயக்கநேர விருப்பத்தைச் சேர்க்க வேண்டும், பயன்படுத்துவோர் வேண்டியதைத் தேர்ந்துகொள்ளட்டும் என்று மொழித்தரவோடு பணியாற்றும் நம்மில் பலர் கோருகிறோம். அண்மைக்காலம் வரை நானும் அக்கட்சியே.

தாராவியிலும் செம்பூரிலும் பதிவுசெய்த உரையாடல்களின் எழுத்துப்படிகளைப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வைத்திருக்கிறேன். 2019 அக்டோபரில் வெளிவந்த அதன் 12ஆம் பதிப்பில்தான் தமிழுக்கான அடிச்சொல் பகுப்பு சேர்ந்தது. ‘ஊர்களில்’, ‘ஊருக்கு’ போன்றவற்றின் விகுதிகளைக் களைந்து ‘ஊர்’ என்பதோடு இணைக்க அது முனையும். எம்மொழிப் பகுப்பைக் கையாள்வது என்பதை ‘டிஃபால்ட் டெக்ஸ்ட் சர்ச் கான்ஃபிக்’ என்னும் அளவுரு தீர்மானிக்கிறது. சர்வரை நிறுத்தாமலேயே, ஒவ்வோர் அமர்விலும் அதனை மாற்றலாம். வசதிதான்.

செம்பூர்ப் பதிவுகளை நான் ஏற்றினேன். என் அமர்வில் அளவுரு தமிழ். தாராவிப் பதிவுகளை ஏற்றிய நண்பரின் அமர்விலோ, நிறுவியபோது அமைந்த ஆங்கிலமே நீடித்தது. ஆங்கிலப் பகுப்பு தமிழ்ச் சொற்களைத் தொடாமல் அப்படியே சேமித்துக்கொண்டது. பிறகு ‘ஊர்’ என்று தேடினேன். செம்பூரில் ஏராளம்; தாராவியில் சொற்பம். பிழைச்செய்தி ஏதும் எழவில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியோரின் பேச்சில் அச்சொல் தேய்கிறது என ஒரு பத்தியே எழுதிவிட்டேன். (நல்ல பத்தி, வருத்தத்தோடுதான் நீக்கினேன்.)

மென்பொருளை உருவாக்கியோர் இவ்விடரை அறியாதவர் அல்லர். பகுப்பின் பெயரைக் குறிப்பிடாமல் அச்செயற்கூறைக் கொண்டு இன்டெக்ஸ் அமைக்க முயன்றால் போஸ்ட்கிரெஸ் மறுத்துவிடும். அளவுரு மாறியபின் எந்தப் பதிவு எந்தப் பகுப்பில் உருவானது என்று கண்டறிய வழியில்லை என்பதே காரணம். நான் சேமித்ததோ சாதாரண நெடுவரிசையில். அங்கே அக்காவல் இல்லை.

பழைய நிகழ்வொன்றும் உண்டு. 2002இல் 7.3ஆம் பதிப்பு ‘ஆட்டோகமிட்’டை அணைத்துவைக்கும் விருப்பத்தைச் சர்வரிலேயே தந்தது. ஒரே கட்டளை ஓரிடத்தில் உடனே நிலைபெற்றது, பிறிதோரிடத்தில் உறுதிப்படாமல் தொங்கியது. நிரல்கள் தடுமாறவே, மறு ஆண்டு 7.4இல் அவ்விருப்பத்தை நீக்கி, சர்வரை அணுகும் நிரல்களின் பொறுப்பில் விட்டனர்.

புதிய விருப்பத்தைக் கோருமுன், அது காட்டும் முறையை மட்டும் மாற்றுகிறதா, சேமிக்கப்படும் பொருளையே மாற்றுகிறதா என்று கேட்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. பிழைச்செய்தியின் மொழி முதல்வகை. அமர்வுக்கு அமர்வு மாறட்டும். தேதி வடிவமும் அப்படித்தான் தோன்றும், ஆனால் 3/4 என்று உள்ளிட்டால் அது மார்ச்சா ஏப்ரலா என்பதையும் அதுவே முடிவுசெய்கிறது. சொற்பகுப்பு ஐயமின்றி இரண்டாம்வகை. களப்பதிவில் ஒலிபெயர்ப்பு முறையைக் குறித்துவைப்பதுபோல், எந்தப் பகுப்பு என்பதை வரிதோறும் தனி நெடுவரிசையில் எழுதிவைக்க வேண்டும்.

வரிக்கு ஒரு மொழி என்பதும் தாராவிக்குப் போதாது. அங்கே ஒரே வாக்கியத்தில் தமிழும் இந்தியும் மராத்தியும் கலக்கின்றன. இதற்கு விடை என்னிடம் இல்லை. இப்போதைக்குத் தாராவிப் பதிவுகள் அனைத்தையும் மீண்டும் பகுத்துக்கொண்டிருக்கிறேன். மாட்டுங்காப் பதிவுகள் இன்னும் ஏற்றப்படாமல் காத்திருக்கின்றன.