கிதாரை வித்தா பையன் டாக்டர் ஆகிடுவானா? ('மாயேரி' பாட்டோட கதை)

1/ "கிதாரை வித்தாச்சு டாக்டரே, இனி ஒழுங்கா படிப்பான்." எங்கிட்ட வந்த ஒரு அப்பா பெருமையாச் சொன்னது. பையனுக்கு 17 வயசு, நீட் கோச்சிங். நெஞ்சு வலின்னு கூட்டிட்டு வந்திருக்காங்க. அந்தப் பெருமைக்கு எதிராத்தான் இந்த த்ரெட். நீளம் கொஞ்சம் கூடும், பொறுத்துக்கிடுங்க. (அடையாளங்களை மாத்தியிருக்கேன்.)

2/ ஈசிஜி நார்மல். பிபி நார்மல். ஆனா நெஞ்சு அடைக்குது, தலை சுத்துது, விரல் நுனி மரத்துப்போகுதுங்கான். நடிப்பு இல்ல. பயத்துல மூச்சு வேகமா வாங்கினா ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு குறையும். விரலும் உதட்டைச் சுத்தியும் மரத்துப்போகும். (நெஞ்சு வலின்னா முதல்ல இதயத்தைத்தான் பார்க்கணும். பார்த்த பிறகுதான் இதைச் சொல்றேன்.)

3/ அப்பாவை வெளிய இருக்கச் சொல்லிட்டுக் கேட்டேன்: "எப்போ இருந்து மக்களே?" அவன் தரையைப் பார்த்துட்டுச் சொன்னான்: "கிதார் போன அன்னைக்கு ராத்திரியில இருந்து."

4/ அப்பாவோட வாதம் ஒண்ணே ஒண்ணுதான். பாட்டு, பேண்டுன்னு அலையுறவன் டாக்டர் ஆக மாட்டான். சரி, ஒரு பேண்டோட கதையைச் சொல்றேன்.

5/ 2000-ல டிவி பார்த்தவங்களுக்கு 'மாயேரி' ஞாபகம் இருக்கும். மெல்லிய ராக் இசையில ஒரு காதல் பாட்டு. பேண்டு பேரு யூஃபோரியா, ஆல்பம் 'ஃபிர் தூம்'. இந்தி ஒரு வார்த்தை தெரியாத எங்க ஹாஸ்டல் பயல்களும் முணுமுணுத்துட்டுத் திரிஞ்ச பாட்டு அது.

6/ அந்த பேண்டு எங்க பிறந்துச்சு தெரியுமா? ஒரு மருத்துவக் கல்லூரியில. டெல்லி யுனிவர்சிட்டி காலேஜ் ஆஃப் மெடிக்கல் சயின்சஸ், 1988. ஆரம்பிச்சுப் பாடினவர் பலாஷ் சென், அங்க எம்பிபிஎஸ் படிச்சவர். பிறகு எலும்பு மருத்துவம் படிச்ச டாக்டர். அனாட்டமி புத்தகமும் கிதாரும் ஒரே ரூம்லதான் இருந்திருக்கு.

7/ இன்னொரு கூட்டம் இருக்கு, மோட்டிவேஷன் பேச்சாளர்கள். "படிப்பைத் தூக்கிப் போடு, கனவைத் துரத்து"ம்பாங்க. அவங்களுக்கும் இந்தக் கதை உதவாது. பேண்டு தொடங்கினது 1988, முதல் ஆல்பம் 'தூம்' வந்தது 1998. பத்து வருஷம்! அவர் டாக்டர் படிப்பைத் தூக்கியும் போடல, பாட்டைப் பூட்டியும் வைக்கல.

8/ "அது டெல்லி, இங்க நடக்குமா?"ன்னா, தெற்கேயும் இருக்காங்க. ஸ்ரீபாத பினாகபாணி மருத்துவப் பேராசிரியர்; கர்நாடக இசையில சங்கீத கலாநிதி, பத்ம பூஷண். நோயாளியையும் பார்த்தார், நேதுனூரி கிருஷ்ணமூர்த்தி மாதிரி பெரிய வித்வான்களையும் உருவாக்கினார். நம்ம சீர்காழி சிவசிதம்பரமும் டாக்டர்தான். கோயில் கச்சேரியில கேட்டுக் கை தட்டினவங்கதான் நாம.

9/ "அவங்க எல்லாம் திறமைசாலிங்க, என் மவன் சும்மா டொய்ங் டொய்ங்னு தட்டுறான்" என்பீங்க. இருக்கட்டும். நான் திறமையைப் பத்தியே பேசல. ஒரு நாள் பூரா கோச்சிங்ல மார்க் மார்க்னு கேட்டுட்டு வர்ற பிள்ளைக்கு, யாரும் மார்க் போடாத அரை மணி நேரம் வேணும். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் வாசிச்சா நானும் திட்டுவேன். நேரம் வைங்க. விக்காதீங்க.

10/ இதுல நம்ம ஊருக்கு ஒரு இரட்டை வேஷம் உண்டு. சர்ச் கொயர்ல பிள்ளை கீபோர்டு வாசிச்சா வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்போம். திருவிழா கானமேளாவுல அடுத்த வீட்டுப் பையன் பாடினா முன் வரிசையில இருந்து ரசிப்போம். நம்ம பையன் பதினொண்ணாம் வகுப்பு ஏறின அன்னைக்கு எல்லாத்தையும் மூட்டை கட்டிப் பரணுல ஏத்துவோம்.

11/ எனக்கும் இதுல பங்கு உண்டு. "முதல்ல சீட்டு வாங்கு, பிறகு எவ்வளவு வேணா பாடலாம்"னு இதே நாற்காலியில இருந்து பல பிள்ளைங்களுக்கு அறிவுரை சொன்னவன்தான் நான். தப்பு. சீட்டு கிடைச்ச பிறகு பி.ஜி., பி.ஜி.க்குப் பிறகு கல்யாணம், அப்புறம் லோன். அந்தப் 'பிறகு' வரவே வராது.

12/ இப்போ பாட்டுக்கு வாறேன். 'மாயேரி'ன்னா அம்மாவைக் கூப்பிடுறது. அவளோட நினைப்பு வாட்டுதுன்னு அந்தப் பையன் யார்கிட்டப் போயி சொல்றான்? கூட்டாளிகிட்ட இல்ல. பெத்த அம்மைக்கிட்ட! காதல் பாட்டுதான், ஆனா கேக்குறது அம்மா.

13/ நம்ம வீட்டுல எந்தப் பையன் சொல்லுவான்? காதலை விடுங்க, "மாக் டெஸ்ட்ல மார்க் போச்சு, பயமா இருக்கும்மா"ன்னாவது சொல்ல முடியுதா? வாயால சொல்ல முடியாததை ஒரு பிள்ளை கிதார்ல சொல்லுது. அதையும் வித்துட்டா நெஞ்சு வலியாச் சொல்லும். அப்போ நீங்க எங்கிட்ட வருவீங்க, நான் ஈசிஜி எடுப்பேன். அதுல இதெல்லாம் தெரியாது.

14/ தூக்கம் போகுது, சாப்பாடு இறங்கல, யார்கிட்டயும் பேசாம ஒதுங்குறான்னா "திமிரு"ன்னு சொல்லாதீங்க. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க. டெலிமானஸ் 14416, தமிழக அரசின் 104. ரெண்டும் இலவசம், தமிழ்லயே பேசலாம். பெத்தவங்களும் கூப்பிடலாம்.

15/ அந்த அப்பாகிட்டக் கடைசியா ஒண்ணுதான் கேட்டேன்: "யாருக்கு வித்தீங்க?" கொஞ்ச நேரம் பேசல. பிறகு, "தெரிஞ்ச ஆளுதான் டாக்டரே"ன்னார். நல்லது. திருப்பி வாங்கிடுங்க. நான் எழுதிக் கொடுக்கப் போற மாத்திரையை விட அது அவனுக்குச் சீக்கிரம் கேட்கும்.