முதற்பிடி



மட்டக்களப்பின் படுவான்கரையில் பெரும்போக அறுப்பு முடியும் தறுவாயில் இருக்கிறது. வீதியோரமெல்லாம் நெல் காய்கிறது. இன்னும் சில கிழமைகளில் நம் ஆலயங்களில் அறுப்பின் பண்டிகை. நெல் மூட்டையும் பூசணிக்காயும் வாழைக்குலையும் தயிர் முட்டியும் பீடத்தின் முன் நிறையும். ஆராதனை முடிந்ததும் ஏலக்குரல் கேட்கும்.

இந்த நிறைவுக்காக ஆண்டவருக்கு நன்றி சொல்லும் நாம், பசித்திருந்த நாட்களையும் மறக்கலாகாது. 1978 நவம்பர் 23 சூறாவளி, 2004 சுனாமி, விளைந்த வயல்களை மூடிய 2011 ஜனவரி வெள்ளம் என்று ஒவ்வொன்றின் பின்னும் சோற்றுப் பார்சலுக்கு வரிசையில் நின்றவர்கள் நாம். அந்தச் சோறு எந்த மதத்தவர் வீட்டு அரிசி என்று பசி கேட்கவில்லை. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அடுத்த பெரும்போகத்தில் விளைச்சல் விழுந்தது. 2022இல் இலங்கையில் ஏறத்தாழ 63 இலட்சம் பேர் போதிய உணவுக்கு உறுதியில்லாமல் இருந்தார்கள் என்று ஐ.நா. அமைப்புகள் கணக்கிட்டன. நெல் விளையும் நம் மாவட்டத்திலும் வேளை குறைத்துச் சாப்பிட்ட வீடுகள் இருந்தன.

வயலின் ஓரக் கதிரும் சிந்திய கதிரும் ஏழைக்கும் அந்நியருக்கும் உரியவை என்று மோசேயின் சட்டம் வைத்தது. அதை நம்பித்தான் மோவாபிய விதவை ரூத், போவாசின் வயலில் கால் வைத்தாள். நம் வயல்களிலும் கதிர் பொறுக்க வந்த பெண்களுக்கு இடம் இருந்தது. சூடடிக்கும் களவெட்டிக்கு வந்தவர் வெறுங்கையோடு திரும்புவதில்லை. இன்று வெட்டு மெசின் காலையில் இறங்கினால் பின்னேரம் நெல் லொறியில் ஏறிவிடுகிறது. உடல் வருத்தம் குறைந்தது நல்லதே. ஆனால் களவெட்டியோடு ஏழை வந்து நிற்கும் இடமும் போய்விட்டது. முன்பு தானாக நடந்த பங்கீட்டை இனி நாம் நினைத்துச் செய்ய வேண்டும்.

அதற்கு நம் தாய்மார் காட்டிய வழி பிடியரிசி: சமைக்குமுன் ஒரு பிடி அரிசியைப் பிறருக்காக எடுத்து வைப்பது. இந்தியாவின் மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்களும் 1910 முதல் இதைச் செய்கிறார்கள். அந்தச் சபையின் ஊழியத்தை இந்தப் பிடியரிசியும் தாங்குகிறது. உலையில் போடுமுன்னே பிடி தனியாகப் பிரிந்துவிடுவதால், பசித்தவருக்கு நம் மிச்சம் போவதில்லை, முதற்பங்கு போகிறது. நன்றி உள்ள வீட்டுக்கு அதுதான் அழகு.

வரும் லெந்து காலத்தின் நாற்பது நாளும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி எடுத்து வையுங்கள். சேர்ந்ததைத் தனித்து வாழும் முதியவருக்கும், கூலிவேலை கிடைக்காத வீட்டுக்கும், வாவியில் மீன்படாத குடும்பத்துக்கும் கொண்டுபோய்க் கொடுங்கள். மதம் கேட்க வேண்டாம், படம் எடுக்க வேண்டாம். இன்று வாங்குகிறவர் நாளை நமக்குச் சோறு போடுகிறவராக இருக்கலாம். இந்த மண்ணில் அது பலமுறை நடந்திருக்கிறது.

கிறிஸ்துவின் அன்பில்,
ஆசிரியர்