கேக் நமக்கு, கிறிஸ்துமஸ் யாருக்கு?

டிசம்பர் பிறந்துவிட்டால் போதும், டெல்லியில் நம் சொசைட்டிகளுக்கெல்லாம் தர்ம சிந்தனை வந்துவிடுகிறது. கீழே ஒரு பிளாஸ்டிக் மரம், ஆபீசில் சீக்ரெட் சாண்டா, பழைய ஸ்வெட்டர்களை அள்ளிப் போட ஒரு அட்டைப்பெட்டி. பிள்ளைகளுக்குப் பகிர்ந்து கொடுக்கக் கற்றுத் தருகிறோமாம். நல்லது, செய்யுங்கள்.

ஆனால் ஒரே ஒரு கேள்வி. அந்த கேக் தட்டைக் கழுவி வைக்கிறாரே, உங்கள் வீட்டோடு தங்கி வேலை செய்யும் பெண், அவருடைய பண்டிகை எது என்று தெரியுமா?

டெல்லியில் இப்படி வேலை செய்யும் பெண்களில் நிறையப் பேர் ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், ஒடிசா பக்கத்துப் பழங்குடியினர். ஒராவோன், முண்டா, கரியா. 1845ல் ஜெர்மன் மிஷனரிகள் ராஞ்சிக்கு வந்தார்கள். அங்கிருந்து அந்தப் பக்கமெல்லாம் கிறிஸ்தவம் பரவியது. சிம்டேகா மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய பாதிப் பேர் கிறிஸ்தவர்கள். அவர்களுக்கு டிசம்பர் 25 என்றால் நமக்குப் பொங்கல் மாதிரி. சர்ச், மாந்தர் மேளம், ஆட்டம். அரிசி மாவும் வெல்லமும் சேர்த்து எண்ணெயில் சுட்டு 'அர்சா' என்று ஒன்று செய்வார்கள். வாயில் போட்டால் நம்ம அதிரசமேதான்.

அந்த வாரம் பார்த்துத்தான் நம் வீடுகளில் லீவு கிடையாது. "பசங்களுக்கு ஸ்கூல் லீவு, நாத்தனார் குடும்பத்தோட வராங்க, நியூ இயர் பார்ட்டி வேற... அவ இப்ப போனா எப்படி?" அடுத்தது, "போனா திரும்பி வருவாளா?" அதற்காக ஒரு மாதச் சம்பளத்தைப் பிடித்து வைக்கும் புத்திசாலிகளும் நம்மில் உண்டு. இருபது வருஷமாக பேங்கில் குப்பை கொட்டுகிறேன். வீட்டை, நகையை அடமானம் வாங்கியிருக்கிறேன். செய்து முடித்த வேலைக்கான கூலியையே அடமானமாகப் பிடித்ததில்லை!

"தீபாவளிக்கு போனஸ் கொடுத்தாச்சே?" யாருடைய தீபாவளி சார்? பொங்கலுக்கு லீவு கேட்கும்போது "ஹோலிக்குத்தான் கொடுத்தோமே" என்று நம்ம மேனேஜர் சொன்னால் சும்மா இருப்போமா?

பேச எனக்கும் பெரிய யோக்கியதை இல்லை. 2018 டிசம்பரில் எங்கள் வீட்டிலிருந்த பெண் பத்து நாள் லீவு கேட்டார். விருந்தாளிகள் வருகிறார்கள் என்று ஜனவரிக்குத் தள்ளிவிட்டோம். 25ஆம் தேதி பேங்க் ஹாலிடே. நான் ரஜாய்க்குள் சுருண்டு கிடந்தேன். அவர்தான் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "மெர்ரி கிறிஸ்துமஸ் பய்யா" என்றார். ஜனவரியில் ஊருக்குப் போய்த் திரும்பியபோது எங்களுக்கென்று ஒரு டப்பா நிறைய அர்சா. தங்கமணி என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. பெருந்தன்மை யாரிடம் இருந்தது, நீங்களே சொல்லுங்கள்.

வெள்ளைக்கார துரைமார்கூட 25ஆம் தேதி வேலை வாங்கினால், 26ஆம் தேதி வேலைக்காரர்களைப் பரிசுப் பெட்டியோடு வீட்டுக்கு அனுப்புவார்களாம். பாக்சிங் டே என்ற பெயருக்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். வீட்டு வேலை செய்பவர்களுக்கு வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்று 2011ல் ஐ.எல்.ஓ. ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. அதை இந்தியா இன்னும் ஏற்று உறுதி செய்யவில்லை. ஆக, அதைக் காட்டி யாரும் நம்மைக் கேட்கப் போவதில்லை. நாமாகச் செய்தால்தான் உண்டு.

என்ன செய்யலாம்? ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான். டிசம்பர் 22ஆம் தேதி ராஞ்சி டிக்கெட்டுக்கு அக்டோபர் 23 காலையிலேயே கம்ப்யூட்டர் முன்னால் உட்காருங்கள். பொங்கலுக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரசில் இடம் பிடிக்க உட்காருகிறோமே, அதே மாதிரி. தவறவிட்டால் தத்கால் இருக்கிறது. சம்பளத்தோடு இரண்டு வாரம் லீவு. போனஸை அவர் கிளம்பும் முன் கையில் கொடுங்கள். பிடித்தம் எதுவும் வேண்டாம்.

அந்த இரண்டு வாரம் பாத்திரத்தை நாமே தேய்ப்போம். டெல்லி டிசம்பரில் குழாய்த் தண்ணீர் எப்படி இருக்கும் என்று கை தெரிந்துகொண்டால், நன்றி தானாக வரும்.